பொறி விழுங்கிய சிவப்புப் பழம்: கற்பனைக் காட்டுப் பூனைகளின் மருந்துக் குகை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காட்டுப் பூனைக் குலங்களைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மருந்துக் குகை. எல்லைச் சண்டை எப்படி முடிந்தாலும் கடைசியில் எல்லாரும் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். பாறை இடுக்கில் காய்ந்த இலைக் கட்டுகள், சுருட்டி வைத்த சிலந்தி வலை, ஓர் ஓரத்தில் பட்டைச் சுருள்கள், நடுவே யாருக்கும் பயப்படாத ஒரு கிழப் பூனை. அந்தக் குகையை நம்ப முடிந்தால் கதை முழுவதையும் நம்ப முடிகிறது.

அந்தக் குகையில் உள்ள மூலிகைகள் பெரும்பாலும் ஐரோப்பிய நாட்டு மருத்துவத்திலிருந்து வந்தவை. மனிதரின் வலியைத் தீர்த்த பட்டை பூனையின் வலியையும் தீர்க்கும், மனிதரைக் கொன்ற பழம் பூனையையும் கொல்லும் என்று கதை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது பாதி ஓரளவு சரி. கோளாறு முதல் பாதியில் இருக்கிறது. அதைக் காட்டத்தான் இந்த ஆய்வு. இதில் வரும் குலமும் பூனைகளும் கற்பனை. நிகழ்வையும் ஆய்வுக்காக நானே அமைத்தேன். ஆனால் இதில் மருந்தாகவும் நஞ்சாகவும் வருகிற செடிகள் எல்லாம் உண்மையானவை, இந்த வகைக் கதைகளில் வழக்கமாகப் புழங்குபவை.

நிகழ்வு

நோயாளி பொறி. பத்து வாரக் குட்டி, எடை ஏறத்தாழ ஒரு கிலோ. தாய் செவலை. குலத்தின் மருத்துவப் பூனை சாம்பலி, வயதானவள். அவளிடம் வேலை கற்பவள் மின்னி.

இலையுதிர்காலத்தின் நடுப்பகுதி. குட்டிகள் யூ மரத்தடியில் உதிர்ந்த சிவப்புப் பழங்களை உருட்டி விளையாடுகின்றன. செவலை வந்து பார்க்கும்போது பொறியின் மீசையில் சிவப்புச் சாறு. யூ பழம் தின்றால் சாவு என்பது குலத்தில் எல்லாருக்கும் தெரியும். அலறிக்கொண்டே குட்டியைக் கவ்விக்கொண்டு குகைக்கு ஓடுகிறாள்.

சாம்பலி உடனே அக்கிலியா இலையை மென்று குட்டியின் வாயில் திணிக்கிறாள். இறகு மாதிரி பிரிந்த இலையும் தட்டையான வெள்ளைப் பூங்கொத்தும் உள்ள செடி அது. கதைகளில் வாந்தி எடுக்க வைக்க இதைத்தான் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பொறி வாந்தி எடுக்கிறான். பாதி செரித்த எலி இறைச்சியோடு இரண்டு பழங்கள் வெளியே வருகின்றன. சதை கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, உள்ளே இருக்கும் கரும்பழுப்பு விதை இரண்டிலும் முழுசாக இருக்கிறது. மின்னி அவற்றை முகர்ந்துவிட்டு மண்ணில் புதைக்கிறாள்.

விளையாட்டில் பொறியின் முன்னங்காலில் ஒரு கீறலும் விழுந்திருந்தது. புரை வைக்கக் கூடாது என்று சாம்பலி காட்டுப் பூண்டை மென்று அதன்மேல் பூசுகிறாள். வயிறு வலிக்கிறது என்று குட்டி முனகுவதால், ஓடைக்கரை வில்லோ மரத்தின் பட்டையை மென்று ஊட்டுகிறாள். தூங்குவதற்குக் கொஞ்சம் கசகசா.

மறுநாள் பொறி எழுந்து நடக்கிறான், ஆனால் ஒன்றும் தின்னவில்லை. காலையும் மாலையும் பட்டை தொடர்கிறது. காலில் பூசியதை நக்கி நக்கி எடுத்துவிடுகிறான். சாம்பலி திரும்பத் திரும்பப் பூசுகிறாள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு தடவை வாந்தி. மாலையில் உடம்பு கொதிக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, நடந்தால் தள்ளாடுகிறான். “யூ நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது. சூட்டைத் தணிக்கணும்” என்கிறாள் சாம்பலி. பட்டையின் அளவை இரட்டிப்பாக்குகிறாள். நான்காம் நாள் காலையிலும் அதே இரட்டிப்பு. செவலை குகை வாசலை விட்டு நகரவில்லை.

அன்று பகலில் பெருமழை. ஓடை கரை மீறுகிறது. மாலையில் மின்னி வெறும் வாயோடு திரும்புகிறாள்.

“பாட்டி, பட்டை தீர்ந்துபோச்சு. வில்லோ மரம் வரைக்கும் தண்ணி. போக முடியல.”

“இருக்கிற தேனைக் குடு. வேற என்ன செய்ய.”

ஐந்தாம் நாள் பொறி சுருண்டு கிடக்கிறான். ஈறு வெளுத்திருக்கிறது, ஆனால் மூச்சு சற்று நிதானம். ஆறாம் நாள் எழுந்து நின்று தண்ணீர் குடிக்கிறான். ஏழாம் நாள் மாலை ஒரு சுண்டெலியின் பாதியைத் தின்கிறான். குட்டியைத் தேன் காப்பாற்றியது என்று குலம் பேசிக்கொள்கிறது. இனி யூ நஞ்சுக்குத் தேன் என்று மின்னி மனப்பாடம் செய்துகொள்கிறாள்.

கதையாக இது நன்றாகவே நிற்கும். மருத்துவமாகப் பார்த்தால் சாம்பலியின் முடிவும் தவறு, மின்னி கற்றதும் தவறு.

யூ பழம் என்ன செய்திருக்கும்?

யூ மரத்தின் நஞ்சு டாக்ஸீன் என்ற ஆல்கலாய்டுகளின் கூட்டம். இதயத் தசையில் கால்சியமும் சோடியமும் உள்ளே போகும் வழிகளை அவை அடைக்கின்றன. துடிப்பு மெதுவாகி, தாளம் தப்பி, நின்றுபோகிறது. இலை, பட்டை, விதை எல்லாவற்றிலும் இது இருக்கிறது. காய்ந்த இலையிலும் இருக்கிறது. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. செவலையின் அலறலில் மிகை ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த மரத்தில் நஞ்சில்லாத ஒரே பாகம், விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதை. அதன் நுனி கிண்ணம் போலத் திறந்திருக்கும், உள்ளே விதை எட்டிப் பார்க்கும். பறவைகள் பழத்தை முழுதாக விழுங்கி, சதையைச் செரித்து, விதையை அப்படியே எச்சத்தில் போட்டுவிடுகின்றன. விதை உடைந்தால்தான் ஆபத்து. பூனையின் கடைவாய்ப் பற்கள் இறைச்சியை வெட்டுவதற்கு அமைந்தவை, அரைப்பதற்கு அல்ல. பத்து வாரக் குட்டிக்கு இருப்பதோ பால் பற்கள். விளையாட்டு வேகத்தில் தொண்டைக்குள் போன பழத்தின் விதை உடையாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. மின்னி புதைத்தாளே, அந்த இரண்டு முழு விதைகள், அவைதான் இந்த நிகழ்வின் முதல் தடயம்.

இரண்டாவது தடயம் நேரம். யூ நஞ்சு வேலை செய்தால் சில மணி நேரத்தில் தெரியும், அதிகம் போனால் ஒரு நாள். நடுக்கம், தள்ளாட்டம், மெதுவான நாடி, திடீரென்று சரிவு. பல விலங்குகளில் முன்னறிகுறியே இல்லாமல் சாவு வருகிறது. முதல் இரவைத் தாண்டி, மறுநாள் சாதாரணமாக நடந்த குட்டிக்கு மூன்றாம் நாள் மாலை வருகிற காய்ச்சலை யூ தலையில் போட முடியாது. இதயம் மெதுவாவதுதான் இந்த நஞ்சின் அடையாளம். உடல் கொதிப்பதும் மூச்சு வாங்குவதும் வேறு எதையோ காட்டுகின்றன.

குட்டி ஏன் பழத்தைத் தின்றான் என்றும் கேட்க வேண்டும். இனிப்பாக இருந்ததால் என்று பல கதைகள் எழுதுகின்றன. பூனைக்கு இனிப்பு தெரியாது. நாவில் இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு மரபணுக்கள் வேண்டும். அவற்றில் ஒன்று பூனைகளில் செயலற்றுக் கிடக்கிறது என்பது 2005-இல் வெளிவந்த ஆய்வில் தெளிவானது. செக்கச்சிவந்த நிறம் இழுத்தது என்பதும் பொருந்தாது, சிவப்பைப் பூனையின் கண் நம்மைப் போலப் பிரித்தறிவதில்லை. உருளுகிற பொருளைத் துரத்திக் கவ்வுகிற குணம் ஒன்றே போதும். சாம்பலி கொடுத்த தேனைச் சப்புக்கொட்டிக் குடித்ததாக யாராவது எழுதினால் அதையும் அடித்துவிடலாம்.

வில்லோ பட்டை

இனி உண்மையான குற்றவாளிக்கு வருவோம்.

வில்லோ பட்டையில் சாலிசின் இருக்கிறது. உடலுக்குள் போனதும் அது சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. காய்ச்சலுக்கு இந்தப் பட்டையைப் பொடித்துக் கொடுத்துப் பார்த்ததை இங்கிலாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன் 1763-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1897-இல் பேயர் நிறுவனத்தில் அந்த அமிலத்திலிருந்து ஆஸ்பிரின் பிறந்தது. மனிதருக்கு இது பெரிய வரலாறு. கதைக் குகைகளுக்குள் பட்டை நுழைந்ததும் இந்தப் பெருமையோடுதான்.

பூனையின் கல்லீரலில் இதற்கு எதிராக ஒரு குறை இருக்கிறது. வேண்டாத ரசாயனங்களோடு குளுக்குரோனிக் அமிலத்தைக் கோத்து, நீரில் கரையச் செய்து, சிறுநீரில் வெளியேற்றுவது பாலூட்டிகளின் பொது வழி. அதற்கான நொதிகளில் முக்கியமான ஒன்றின் மரபணு, UGT1A6 என்று குறிப்பது, பூனைகளில் உடைந்துபோயிருக்கிறது. வீட்டுப் பூனையில் இது 2000-இல் காட்டப்பட்டது. பூனைக் குடும்பத்தின் மற்ற இனங்களிலும் இதே உடைவு இருப்பதை 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. செடிகளைத் தின்னாமல் இறைச்சியிலேயே வாழ்ந்த பரம்பரைக்குச் செடி நஞ்சுகளைக் கழுவும் கருவி தேவைப்படவில்லை, கெட்டபோது இழப்பும் தெரியவில்லை என்பது அதற்கான விளக்கம். ஆகவே, இது வீட்டுப் பூனையின் பலவீனம், காட்டுப் பூனைக்கு இருக்காது என்று கதாசிரியர் தப்பிக்க வழியில்லை.

இதன் விளைவை எண்ணில் பார்க்கலாம். சிறு அளவில் கொடுத்த ஆஸ்பிரினிலிருந்து வரும் சாலிசிலேட், மனித உடலில் பாதியாகக் குறைய 2 முதல் 3 மணி நேரம் ஆகும். பூனையில் அதற்குச் சுமார் 38 மணி நேரம். அளவு கூடினால் இன்னும் நீளும். கால்நடை மருத்துவர்கள் பூனைக்கு ஆஸ்பிரின் கொடுக்கிற அரிதான சந்தர்ப்பத்திலும் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் விடுவது இதனால்தான்.

சாம்பலி 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தாள். முதல் நாள் மாலை தொடங்கி நான்காம் நாள் காலை வரை ஆறு வேளை. 38 மணிக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு வேளைக்கும் முந்தைய பாக்கியில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே உள்ளே கிடக்கிறது. அளவு மாறாமல் இருந்தாலே ஆறாவது வேளை முடிந்ததும் ஒரு வேளை மருந்தைப் போல 3.7 மடங்கு உடலில் சேர்ந்திருக்கும். கடைசி இரண்டு வேளை இரட்டிப்பானதால் அது ஐந்தரை மடங்கு. இதே இடைவெளியில் மனிதக் குழந்தைக்குக் கொடுத்திருந்தால் முந்தைய வேளை ஏறக்குறையக் கழுவப்பட்ட பிறகுதான் அடுத்தது போயிருக்கும்.

சாலிசிலேட் மிகும்போது இரண்டு காரியம் நடக்கிறது. மூளையில் மூச்சை நடத்தும் பகுதி தூண்டப்பட்டு மூச்சு வேகமாகிறது. இன்னொன்று, செல்களுக்குள் உணவை எரித்து ஆற்றலாகச் சேமிக்கும் இணைப்பு அறுந்துபோகிறது. எரிவது வெறும் சூடாகவே வெளியேறுகிறது. உடல் கொதிக்கிறது. அதாவது, குறைந்த அளவில் காய்ச்சலைத் தணிக்கிற அதே பொருள் மிகும்போது காய்ச்சலை உண்டாக்குகிறது. பசியின்மை, வாந்தி, தள்ளாட்டம், சோர்வு என்று மூன்றாம் நாள் பட்டியலில் மற்றவையும் இதோடு பொருந்துகின்றன.

சாம்பலி விழுந்த குழி இதுதான். அவள் கண்டது சூடு. சூட்டுக்கு மருந்து பட்டை. பட்டை கொடுக்கக் கொடுக்கச் சூடு ஏறியது. சூடு ஏற ஏறப் பட்டையைக் கூட்டினாள். எத்தனையோ மருத்துவக் கதைகளைப் படித்திருக்கிறேன், இவ்வளவு கொடுமையான வட்டம் குறைவு. அவளிடம் அலட்சியம் துளியும் இல்லை, இரவெல்லாம் விழித்திருந்து குட்டியைத் தன் வயிற்றோடு அணைத்தபடி அவள் இதைச் செய்தாள் என்பதுதான் எனக்கு இந்த நிகழ்வில் மனதைப் பிசையும் விஷயம்.

அளவைப் பற்றி ஒரு கேள்வி வரும்: மென்று ஊட்டிய பட்டையில் அவ்வளவு மருந்து இருக்குமா? எந்த வில்லோ என்பதைப் பொறுத்தது. வெள்ளை வில்லோவில் சாலிசின் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும். ஊதா நிறக் கிளைகள் கொண்ட வில்லோவில் அதைப்போலப் பல மடங்கு. எடையில் பார்த்தால் சாலிசினில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே சாலிசிலிக் அமிலமாகிறது. வெள்ளை வில்லோ பட்டை இரண்டு கிராம் என்றால் ஒரு வேளைக்குச் சுமார் 10 மி.கி. அமிலம். ஒரு கிலோக் குட்டிக்கு அதுவே கிலோவுக்கு 10 மி.கி., அதாவது மருத்துவர் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கொடுக்கத் துணிகிற ஆஸ்பிரின் அளவுக்குப் பக்கத்தில் வருகிறது. ஊதா வில்லோ என்றால் ஒற்றை வேளையே அந்த எல்லையைத் தாண்டிவிடும். கதையில் இதைக் காட்ட ஒரு வரி போதும்: பட்டையை உரிக்கும்போது மின்னியின் பாதங்களுக்குக் கீழே ஊதாக் கிளைகள்.

மழைக்குப் பிறகு நடந்ததையும் இதே கணக்கு விளக்குகிறது. நான்காம் நாள் காலையோடு பட்டை நின்றது. இரண்டு நாளில் ஐந்தரை மடங்கு இரண்டேகால் மடங்காகக் குறைகிறது. அன்றுதான் பொறி எழுந்து நின்றான். ஏழாம் நாள் மாலைக்குள் ஒரு வேளை அளவுக்குச் சற்று மேலே வந்துவிடுகிறது. அன்றுதான் தின்றான். தேன் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். குட்டியைக் காப்பாற்றியது கரை மீறிய ஓடை.

நக்கும் நாக்கு

ஈறு வெளுத்ததைப் பட்டைக் கணக்கு விளக்கவில்லை. அதற்குக் காட்டுப் பூண்டு.

வெங்காயம், பூண்டு, லீக், காட்டுப் பூண்டு எல்லாம் ஒரே பேரினம். இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினைச் சிதைத்து, அணுவுக்குள் கட்டிகளாக உறையச் செய்கின்றன. அந்த அணுக்கள் எளிதில் உடைகின்றன, இரத்தசோகை வருகிறது. இதில் பூனை மற்ற விலங்குகளை விட ஒரு படி கீழே நிற்கிறது. தாக்குதலுக்கு ஆளாகும் கந்தகப் பிடிகள் மனித ஹீமோகுளோபினில் 2, நாயில் 4, பூனையில் 8. உடல் எடை ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் பூனையின் இரத்தத்தில் கவலைக்குரிய மாற்றத்தை உண்டாக்கப் போதுமானது. பொறிக்கு மொத்தமே 5 கிராம்.

காலில் பூசியது எப்படி வயிற்றுக்குப் போயிற்று என்று கேட்க வேண்டியதில்லை, அவன் பூனை. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த கொக்கிகள் இருக்கின்றன. அவற்றின் நுனி ஒரு குழிந்த அகப்பை போல அமைந்து உமிழ்நீரை முடியின் அடிவரை கொண்டு சேர்ப்பதை 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. அடிவரை கொண்டு சேர்க்கிற நாக்கு, அடியில் இருப்பதை எடுத்தும் வரும். பூனை மருத்துவத்தில் ‘மேல்பூச்சு மட்டும்’ என்று ஒரு வகையே இல்லை. தோலில் வைப்பதெல்லாம் சற்று நேரங்கழித்து உள்ளே போகிற மருந்து. சாம்பலி திரும்பத் திரும்பப் பூசினாள். ஒவ்வொரு பூச்சும் ஒரு வேளை.

அதோடு பருவமும் பார்க்க வேண்டும். காட்டுப் பூண்டின் இலை வசந்தத்தில் தழைத்து, கோடையிலேயே மடிந்துவிடும். இலையுதிர்காலத்தில் பசும் இலை கிடைக்காது. மண்ணைத் தோண்டிக் கிழங்கைத்தான் எடுத்திருக்க வேண்டும். சாம்பலி அந்த இடத்தைப் பல ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்து தோண்டினாள் என்றால் அவள் அறிவுக்கு அது ஒரு பெருமை. எழுதுகிறவர்கள் இப்படிப் பருவத்தைச் சரிபார்த்தால் குகையின் இருப்பு மாதத்துக்கு மாதம் மாறும், அதிலேயே கதைக்கு நெருக்கடியும் கிடைக்கும்.

இதே நாக்கு காரணமாக இன்னொரு பிரபல மருந்தும் அடிபடுகிறது. எலும்பு முறிவுக்குக் கதைகள் கட்டுகிற காம்ஃப்ரே இலையில் கல்லீரலை மெல்ல மெல்லக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உள்ளன. அமெரிக்காவில் காம்ஃப்ரே கலந்த உணவுத் துணைப்பொருள்களை விலக்கிக்கொள்ளும்படி 2001-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டுக்கொண்டது. மூட்டு வலிக்கு வருகிற ராக்வோர்ட்டிலும் அதே வகை நஞ்சு. மேய்ச்சல் நிலங்களில் குதிரைகளையும் மாடுகளையும் அது கொல்கிறது. இவை ஒரே நாளில் கொல்வதில்லை. முறிந்த கால் கூடிய போர்வீரன் சில மாதங்கள் கழித்துக் காரணம் தெரியாமல் இளைத்துச் செத்தால், குலம் அதைக் காம்ஃப்ரேயோடு சேர்த்துப் பார்க்கவே வாய்ப்பில்லை.

மற்றவை

அக்கிலியா பூனைக்கு ஒவ்வாத செடி. தின்றால் வாந்தியும் பேதியும் வரும். அதனால் வாந்தி வந்தது நம்பும்படியே இருக்கிறது. எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதை அது வாக்குறுதி தராது. இன்றைய மருத்துவத்திலும் பூனையை வாந்தி எடுக்க வைப்பது கடினம். நாய்க்கு நன்றாக வேலை செய்யும் அபோமார்ஃபின் பூனையிடம் எடுபடுவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும். ஆனாலும் முதல் நாள் சாம்பலி செய்தவற்றில் இதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். விதை உடைந்ததா இல்லையா என்று தெரியாத நிலையில் வெளியே எடுக்கப் பார்ப்பது நியாயம். வந்ததைப் பார்த்துவிட்டு அவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

கசகசா பற்றிச் சுருக்கமாக. விதைக்குள் மார்ஃபின் உருவாவதில்லை; காயின் பால் விதைமேல் ஒட்டியிருந்தால்தான் உண்டு. வயல்களில் சிவப்பாகப் பூக்கிற பாப்பி வேறு இனம், அதில் மார்ஃபினை எதிர்பார்க்க முடியாது. பொறியின் தூக்கத்துக்குக் காரணம் நோய்தான். உண்மையில் அபின் வகை மருந்து பூனைக்கு ஏறினால் கண்மணி விரியும், மனிதரில் சுருங்குவதற்கு நேர் எதிர்; அளவு மிஞ்சினால் தூங்குவதற்குப் பதில் வெறிபிடித்தது போல அலையும். இந்த ஒரு விவரத்தை மட்டும் வைத்தே நல்ல காட்சி ஒன்று எழுதலாம்.

குகையில் தேறுகிற மருந்துகளும் இருக்கின்றன. தேன் புண்ணுக்கு நல்லது: அதன் அடர்த்தி கிருமியிலிருந்து நீரை உறிஞ்சும், அதிலுள்ள நொதி கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், நக்கினாலும் கேடில்லை. பொறியின் கீறலுக்குப் பூண்டின் இடத்தில் தேன் வைத்திருக்கலாம். கதைகளில் படுக்கைக்கும் தண்ணீர் சுமக்கவும் மட்டும் வருகிற பாசி, ஸ்ஃபாக்னமாக இருந்தால், தன் எடையைப் போல இருபது மடங்கு வரை ஈரத்தை உறிஞ்சும்; முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் புண் கட்டப் பயன்பட்டது. சாம்பலி தினமும் அதன்மேல்தான் தூங்குகிறாள்.

பூனைப்புதினாவைக் கதைகள் இருமலுக்குக் கொடுக்கின்றன. பூனைகள் அந்தச் செடியில் புரளுவதற்கு வேறொரு பயன் இருக்கலாம் என்பது 2021-இல் ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது. பூனைப்புதினாவைப் போலவே பூனைகளை மயக்குகிற மட்டடபி கொடியின் இலையில் முகத்தைத் தேய்த்த பூனைகள்மேல் கொசு குறைவாகவே உட்கார்ந்தது. சிறுத்தையும் லிங்க்ஸும் ஜாகுவாரும்கூட அந்த இலையிலுள்ள மயக்கும் பொருளுக்கு மயங்கின. யாரும் கற்றுக்கொடுக்காமல் பூனையே தேடிப்போகிற மூலிகை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் பத்து வாரக் குட்டியிடம் அந்த மயக்கம் தெரியாது; பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கும். அப்புறம் புல். பூனைகள் புல் தின்பது வெகு சாதாரணம், நோயில்லாதபோதும் தின்கின்றன. குடல் புழுக்களை வெளியேற்றிய பழைய பழக்கத்தின் மிச்சமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

விலங்கு தனக்குத்தானே மருத்துவம் பார்ப்பது வெறும் கற்பனையும் அல்ல. சுமத்ராவில் ராகுஸ் என்ற ஒராங்குட்டான் 2022-இல் ஒரு கொடியின் இலையை மென்று முகப் புண்ணில் பூசியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தான்சானியாவின் மகாலேயில் நோயுற்ற சிம்பன்சி ஒன்று வெர்னோனியாவின் கசப்புத் தண்டை மென்றதை 1987-இல் கண்டார்கள். ஆனால் இரண்டும் செடி தின்று வளர்ந்த இனங்கள். கல்லீரலும் அதற்குத் தக்கது.

நஞ்சுகளின் பட்டியலிலோ பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: லில்லி. லிலியம், ஹெமரோகாலிஸ் இரண்டு பேரினங்களும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கின்றன. ஓரிரு இலையைக் கடித்தால் போதும், முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால் போதும். முதலில் வாந்தி, பிறகு தெளிந்தது போல ஒரு இடைவெளி, சில நாளில் சாவு. நாய்க்கு இந்தச் சிறுநீரகக் கேடு வருவதில்லை, மனிதருக்கும் இல்லை. அந்த நஞ்சு எது என்று இன்னும் பிரித்தெடுக்கப்படவும் இல்லை. மனிதரைக் கொல்லாததால்தான் இது கதைகளின் நஞ்சுப் பட்டியலில் இடம்பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். பூனைகளின் நாவிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் தொடங்கி எழுதுகிற ஒரு கதையில் மருத்துவப் பூனை குட்டிகளுக்கு முதலில் காட்டி எச்சரிக்க வேண்டிய பூ இது. வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: செடி எதையாவது கடித்துவிட்டால் கதையில் படித்ததை முயலாமல், கடித்த செடியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

தொடர் கவனிப்பு

மின்னியிடம் தடயங்கள் எல்லாமே இருந்தன. முழு விதைகளைப் புதைத்தவள் அவள், பட்டை தீர்ந்ததை முதலில் சொன்னவள் அவள், குட்டி தேறத் தொடங்கிய நாளைக் கண்டவளும் அவள். எழுத்தும் எண்ணும் இல்லாத ஒரு பூனை கண்டுபிடிக்கக்கூடியது இவ்வளவே: பட்டை நின்ற பிறகு தேறினான். அடுத்த தடவை வேறொரு குட்டிக்குப் பட்டை கொடுக்கும்போது இரண்டாவது வேளைக்கு முன்னால் அவள் தயங்கினால், பாட்டியிடம் அதைச் சொல்லத் துணிந்தால், அடுத்த கதை அங்கே தொடங்கிவிடும்.

பொறியின் நிலை: ஏழாம் நாள் தின்கிறான், மூச்சு சீர், சூடு இல்லை. ஈறு இன்னும் வெளுப்பு. எலும்பு மச்சை புதிய சிவப்பணுக்களை அனுப்பத் தொடங்கியிருக்கும். ஆனால் ஈடுகட்டச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மற்றக் குட்டிகளோடு ஓடவிடக் கூடாது, குளிரில் தாயோடு படுக்க வேண்டும், இறைச்சி நிறைய வேண்டும். தினமும் காலையில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். காலில் கீறல் ஆறிவிட்டது. அதன்மேல் இனி எதுவும் பூச வேண்டாம்.